அப்பாவுக்கு, அந்த ‘பி’ பற்றி

அப்பா,

நாளை உங்களுக்கு மூன்றாவது வருஷத் திதி. கடனைப் பற்றி எழுதப் போவதில்லை. எவ்வளவு, யாருக்காக என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சித்தி வீட்டிலும் இதைப் படிப்பார்கள். அந்த மேனேஜர் அறை மட்டும்தான்.

கடனை ஆங்கிலத்தில் ‘டெப்ட்’ (debt) என்றீர்கள். ஒரு எழுத்தையும் விட்டுவிடாமல், உங்கள் வழக்கப்படி பி-யை அழுத்தி. நான் உடனே, “டெட், அப்பா. பி சைலண்ட்” என்றேன். மேனேஜர் குனிந்து ஃபைலைப் புரட்டினார். “எழுத்துல இருக்கேம்மா” என்றீர்கள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். அப்புறம் கிளம்பும்வரை தமிழில்தான் பேசினீர்கள். மறுநாள் காலையிலிருந்து ஆங்கிலப் பேப்பரை உரக்க வாசிப்பதும் நின்றுபோனது.

அவர் நம்மைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்றுதான் சொன்னேன். நம்மை இல்லை, என்னை. எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆங்கில மொழி வரலாறு ஒரு பேப்பராக வந்தது. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்து குவிந்த சொற்களில் அந்த ‘டெட்’டும் ஒன்று. வரும்போது அதில் பி கிடையாது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாசர் என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதிய வணிகன் ஒருவன் இருக்கிறான். அவன் கடனில் இருப்பது ஒருவருக்கும் தெரியாது என்று ஒரு வரி. அந்த வரியிலும் பி இல்லை. (அந்த வணிகனை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. இதற்கு மேல் இங்கே வேண்டாம்.) பிறகு வந்த படிப்பாளிகள், லத்தீன் மூலச்சொல்லில் பி இருக்கிறதே என்று எழுத்தில் மட்டும் அதைச் செருகினார்கள். மக்களின் வாய் மாறவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் பி இல்லாமல்தான் எழுதுகிறார்கள்.

1598இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் ஹோலோஃபெர்னஸ் என்று ஒரு வாத்தியார் வருகிறார். டி, இ, பி, டி என்று நான்கு எழுத்தும் ஒலிக்க வேண்டாமா, பி-யை விழுங்குகிறார்களே என்று பொருமுகிறார். அவரைக் கேலிக்காகத்தான் ஷேக்ஸ்பியர் வைத்திருக்கிறார். வகுப்பே சிரித்தது. எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது. எழுத்துல இருக்கேம்மா.

ஆனால், நான்காம் வகுப்பில் ‘டவுட்’ என்ற சொல்லை பி இல்லாமல் எழுதியதற்கு ஸ்கேலால் அடித்து, நூறு தடவை எழுத வைத்தீர்களே, அதுவும் அதே பி-தான், அப்பா. சாசர் காலத்தில் நான் எழுதியது தப்பே இல்லை. அன்று சாப்பிடாமல் தூங்கினேன். நீங்கள் வந்து எழுப்பவில்லை. மேனேஜர் அறையில் பேசியது அந்த நான்காம் வகுப்புப் பெண்ணோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அப்படியே இருந்தாலும், உங்களை அங்கே வைத்துத் திருத்தியிருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள்.

ஜூனில் கல்லூரியில் பாடம் நடத்தச் சேர்கிறேன். மொழி வரலாறு பேப்பரை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

அதைப் படித்த வருஷம் முழுக்க நான் வீட்டில்தான் இருந்தேன். நீங்கள் திண்ணையில்தான் இருந்தீர்கள். என்ன பாடம் நடக்கிறது என்று ஒரு நாள்கூட நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பி-யிலிருந்துதான் ஆரம்பித்திருப்பேன்.