உப்பிய டின்கள்

அண்ணா,

நாளை நம் மாந்தோட்டத்துக்குப் பத்திரப்பதிவு. கையெழுத்துப் போட வருகிறேன். யார் வாங்குகிறார், என்ன விலை என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. சித்தப்பா வீட்டில் அத்தனை பேரும் இதைப் படிப்பார்கள்.

மாங்கூழ் டின்னில் அடைக்க ஷெட் போட்ட இரண்டாம் சீசன், ஆனி மாதம். வைக்கோலில் பழுத்த பெங்களூரா மாம்பழம் முழுவதும் அன்றிரவே கூழாக வேண்டும். மூடி அடித்த டின்களைக் கொதிக்கும் தொட்டியில் இறக்கி, கடிகாரம் பார்த்து எடுப்பது என் வேலை. பன்னிரண்டு வயது எனக்கு. திடுக்கிட்டு விழித்தபோது அடியில் விறகு அணைந்து கிடந்தது. தொட்டியில் விரலை விட்டேன்; வெறும் வெதுவெதுப்பு. சத்தமில்லாமல் எடுத்து அடுக்கிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் டின்கள் உப்பின. அப்பா ஒன்றை ஆணியால் குத்தினார். நுரை சீறியது, புளித்த கள் வாடை. "1937இல் ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்குக் கொண்டுவந்ததே நம் சேலம் ஜில்லாவில்தான். இங்கே நான் மாம்பழச் சாராயம் காய்ச்சுகிறேன்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே பெல்ட்டை உருவினார். "நான்தான் தீயைப் பார்க்கவில்லை" என்று நீ முன்னால் போய் நின்றாய். நான் தூணுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். ஏழு.

மன்னித்துவிடு. ஆனால் ஒரு குழந்தையை நடுராத்திரியில் கொதிக்கும் தொட்டியருகே உட்காரவைத்தார்களே, அது யார் தப்பு?

அந்த ஏழு அடிக்கு நீயும் ஆயுள் முழுக்க வட்டி வாங்கினாய். 1989 தையில் என் கல்யாணம். மகளுக்கும் பங்கு என்ற தமிழ்நாட்டுச் சட்டம் அந்த மார்ச் 25இல் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவளுக்குக் கிடையாது. "நல்லவேளை" என்றாய், விளையாட்டாக. 2005இல் மத்தியச் சட்டம் அந்த வேலியைப் பிடுங்கியபின் ஐந்து வருடம் என்னோடு பேசவில்லை. நான் பங்கு கேட்டேனா?

சரி, ஒருமுறை கேட்டேன். வக்கீல் மூலமாக.

தாத்தா சந்தூரிலிருந்து ஒட்டுச்செடிகளைக் கொண்டுவந்து, கரட்டு மண்ணில் குடத்துத் தண்ணீர் ஊற்றிப் பிழைக்கவைத்த தோட்டம். விளைந்த வருடம் காய்க்கு விலையில்லை, விளையாத வருடம் ஷெட்டுக்குக் காயில்லை. நீ தனியாக இழுத்தாய், தெரியும். கூட இழுக்க என்னை ஒருநாளும் கூப்பிடவில்லை என்பதும் தெரியும்.

மூடி அடிக்கும் மெஷினை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. எனக்கு வேண்டும். எடைக்கு என்ன விலையோ, அதை என் பங்கில் கழித்துக்கொள்.

பாப்பா