வெளுக்கப் போட்ட மூன்று சட்டைகள்

திருப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். கடன் முடிந்ததற்கான கடிதம் வெள்ளிக்கிழமை பேங்கில் கைக்கு வந்துவிட்டது. போனில் சொன்னபோது, “சரி விடுங்கப்பா, அதான் முடிஞ்சுதே” என்று பேச்சை மாற்றிவிட்டாய். எனக்கு விட முடியவில்லை கண்ணு. ஆறு வருஷம் உன் சம்பளத்தில் பாதி இங்கே வந்திருக்கிறது. அதைப் பற்றி என் வாயால் உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போனை எடுத்தால் சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று கேட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன்.

போன ஜூனில் ஆம்ஸ்டர்டாமில் அந்தக் காலத்து ஓவியர் ரெம்பிராண்ட் வாழ்ந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போனாய் அல்லவா? மாடியில் சங்கும் சிப்பியும் மார்பளவுச் சிலைகளும் அடுக்கிய அறையில் நான் பேசாமல் நின்றுவிட்டேன். “கால் வலிக்குதுங்களாப்பா?” என்று கேட்டாய். ஆமாம் என்றேன். கால் வலிக்கவில்லை அம்மணி.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நீ சொல்லியிருந்தாய், இந்த வீட்டில் எது எந்த இடத்தில் இருந்தது என்பதெல்லாம் ஒரு லிஸ்டைப் பார்த்துத்தான் திரும்ப அமைத்தார்கள் என்று. அவர் திவாலானபோது, 1656 ஜூலை 25, 26 இரண்டு நாள், கோர்ட் ஆட்கள் அறை அறையாகப் போய் எழுதிய லிஸ்ட். 363 பதிவுகள். போனில் பார்த்து எனக்கு வாசித்துக் காட்டினாய். வாசல் கூடத்தில் மாட்டிய படங்களில் தொடங்கி, கடைசியில் வெளுக்கப் போட்ட துணிவரை வருகிறது: மூன்று சட்டை, ஆறு கைக்குட்டை, சில காலர்கள்.

வெளுக்கப் போன சட்டையைக்கூட விடவில்லை. நம் துணிப் பிரிண்டிங் பட்டறைக்கு ஜப்தி எழுத வந்த அன்று உனக்குக் காலேஜில் கடைசி செமஸ்டர் பரீட்சை. நீ வீட்டில் இல்லை. பிரிண்டிங் டேபிள் எத்தனை அடி, ஃப்ரேம் எத்தனை, பிக்மென்ட் டப்பா எத்தனை என்று ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். மூலையில் என் பழைய சைக்கிள் நின்றது. “இதுவுமா சார்?” என்று கேட்டேன். அவர் தலை நிமிராமல் எழுதினார். அந்தப் பேனாச் சத்தம்தான் அன்றைக்கு அந்த அறையில் எனக்குக் கேட்டது.

ஊருக்குத் திரும்பியதிலிருந்து ரெம்பிராண்டைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். லைடன் ஊரில் மாவு மில்காரர் பிள்ளை. 1606இல் பிறந்தவர். முப்பது வயதுக்குள் ஆம்ஸ்டர்டாமில் பெரிய பெயர். வசதியான வீட்டுப் பெண் சாஸ்கியாவை 1634இல் கட்டினார். 1639இல் அந்த வீட்டை 13,000 கில்டருக்கு வாங்கினார். கில்டர் என்பது அப்போது அந்த நாட்டுப் பணம். கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியைத் தவணையில் கட்டுவதாகப் பேச்சு. கைநிறைய வேலை இருந்த நாளிலும் அந்தத் தவணையைக் கட்டவில்லை. ஏலத்தில் படம் வாங்குவார், சிலை வாங்குவார், பழைய கவசம் வாங்குவார். எடுத்த எடுப்பிலேயே யாரும் மேலே கேட்க முடியாத விலையைச் சொல்லிவிடுவாராம். ஏன் என்றால், ஓவியத் தொழிலுக்கு மதிப்பு வரட்டும் என்பாராம். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஜெர்மனியில் இருந்து வந்த அந்த மெஷினை நான் வாங்கியபோது உன் அம்மாவிடம் இதே மாதிரிதான் பேசினேன். நம்ம பட்டறைக்கு ஒரு கௌரவம் வேண்டாமா என்று.

பில்லுக்குப் பணம் தராமல் போனவரைப் பற்றி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் முழுக்கதை அது இல்லை. ஆர்டர் குறைகிறது என்று தெரிந்தே அந்த மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தவணைக்கு வெளியே வாங்கினேன், அந்த வட்டிக்கு இன்னொரு இடத்தில் வாங்கினேன். ரெம்பிராண்டும் அதைத்தான் செய்திருக்கிறார். பதினான்கு வருஷம் கழித்து, வீட்டை விற்றவர் வட்டியோடு 8,470 கில்டர் கேட்டு நெருக்கியபோது, 1653இல் மூன்று பேரிடம் 9,380 கில்டர் கைமாற்று வாங்கினார். அப்போது இங்கிலாந்தோடு கடற்போர் நடந்து ஆம்ஸ்டர்டாமில் வியாபாரமே படுத்திருந்தது. கடன் கொடுத்த மூவரில் ஒருவர் நகரத்தின் மேயர் ஆனார். கடைசியில் ரெம்பிராண்ட், வியாபாரத்திலும் கடலிலும் நஷ்டம் என்று எழுதிக் கொடுத்து, இருப்பதையெல்லாம் ஒப்படைத்துவிட்டார். நம் ஊர்ப் பேச்சில் மஞ்சள் கடுதாசி.

சாஸ்கியா 1642இலேயே போய்விட்டாள். அதற்குள் மூன்று குழந்தைகளைப் புதைத்தாயிற்று. மிஞ்சியது டைட்டஸ் என்ற பையன் மட்டும். சாஸ்கியா சொத்தில் தன் பாதியை அவன் பெயருக்கு எழுதி, அதை அப்பா அனுபவிக்கலாம், மறுமணம் செய்தால் முடியாது என்று உயில் வைத்திருந்தாள். கணக்குப் பார்த்தால் பையன் பங்கு 20,000 கில்டருக்கு மேல். அது என்ன ஆயிற்று என்கிறாய்? அப்பா செலவழித்துவிட்டார். திவால் வரப்போகிறது என்று தெரிந்து, 1655இல் அந்தப் பையனை உயில் எழுத வைத்து, தன்னையே வாரிசாக்கிக்கொண்டார். பையனுக்கு வயது 14. அப்புறம் 1656 மே மாதம் அவசர அவசரமாக வீட்டைப் பையன் பெயருக்கு மாற்றினார். கடன்காரர்கள் கொதித்துப்போனார்கள். 1658இல் வீடு 11,218 கில்டருக்கு விலைபோனது. டைட்டஸ் பங்குக்காக வழக்கு இழுத்து இழுத்து 1665இல்தான் முடிந்தது. கைக்கு வந்தது 6,952 கில்டர். நடுவில் சாஸ்கியாவைப் புதைத்த இடத்தைக்கூட விற்றார்.

உனக்கு என்று சேர்த்த எட்டு வளையலைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். லாக்கரில் இருக்கிறது என்று இரண்டு வருஷம் சொன்னேன். லாக்கரில் இல்லை. அடகு வைத்தேன், மீட்க முடியவில்லை, ஏலத்துக்குப் போய்விட்டது. உனக்கு எப்போதோ தெரிந்திருக்கும், அம்மா சொல்லியிருப்பாள். தெரிந்தும் நீ கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. இப்போது சொல்கிறேன்.

ரெம்பிராண்டைப் பெரிய மனிதர் என்று காட்டுவதற்காக எதையும் மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. டைட்டஸை வளர்த்த தாதிப் பெண் கேர்ட்யே. கட்டிக்கொள்வதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார் என்று 1649இல் வழக்குப் போட்டாள். வருஷத்துக்கு 200 கில்டர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. மறு வருஷமே அவளைக் கௌடா ஊரில் பெண்களை அடைத்து வைக்கும் இடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். ஐந்து வருஷம் அங்கே கிடந்தாள். அப்படி ஒரு காரியம் செய்த கையா அந்தப் படங்களையும் வரைந்தது என்று ராத்திரி எல்லாம் புரண்டேன். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அதற்குப் பிறகு வந்தவள் ஹென்ட்ரிக்யே. கல்யாணம் செய்யாமல் அவரோடு இருக்கிறாள் என்று 1654இல் சர்ச் விசாரணைக்குக் கூப்பிட்டுத் தள்ளிவைத்தது. அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. சாஸ்கியாவின் உயிலை மனதில் வைத்துத்தான் அவர் அவளைக் கட்டவில்லை என்று பலரும் சொல்கிறார்கள். அவமானம் முழுவதும் அவள் தலையில் விழுந்தது. ஆனாலும் அவள் விட்டுப் போகவில்லை.

1660 டிசம்பரில் ஹென்ட்ரிக்யேயும் 19 வயது டைட்டஸும் சேர்ந்து ஒரு படக் கம்பெனி தொடங்கினார்கள். ரெம்பிராண்ட் அதில் வேலைக்காரர். சோறும் தங்க இடமும் உண்டு. சொத்து எதுவும் அவர் பெயரில் இருக்காது, கடன்காரர் தொட முடியாது. ஊரிலேயே பெரிய ஓவியர், தன் மகனிடம் கூலிக்கு இருந்தார். நானும் இப்போது இன்னொருவர் பட்டறையில் சூப்பர்வைசர்தான், வீட்டுச் செலவு உன் பணம்தான். பேர் சொல்ல வெட்கப்பட்டு ரொம்ப நாள் மெயின் ரோட்டில் நடக்காமல் இருந்தேன்.

ரைக்ஸ் மியூசியத்தில் துணிக்கடைக்காரர் போல ஐந்து பேர் மேஜையைச் சுற்றி இருக்கும் அவருடைய படத்தின் முன்னால் நான் சிரித்தேன், நீ என்ன என்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? 1662இல் வரைந்தது. அவர்கள் துணி வணிகர் சங்கத்தின் தர சோதனைக்காரர்கள். சாயம் போட்ட துணியைச் சாம்பிளோடு ஒத்துப் பார்த்து ஈய முத்திரை குத்துவது அவர்கள் வேலை. நம் ஊர்க் கண்ணோட்டத்தில் க்யூசி. நாம் கதவைத் திறந்ததும் மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்க்கிற அதே பார்வை. ஷேடு சரியில்லை என்று சொல்லப் போகிற முகம். முப்பது வருஷம் அந்த முகத்தின் முன்னால் நின்றவனுக்குத் தெரியாதா? பின்னால் தொப்பி இல்லாமல் நிற்பவர் வேலையாள். அவரை எங்கே நிறுத்துவது என்று பலமுறை அழித்து மாற்றி வரைந்திருக்கிறார் என்று எக்ஸ்ரேயில் தெரிந்ததாம். வீடு போய், பெயர் போய், மகன் கம்பெனியில் கூலிக்கு வரைந்தவர், வேலையாள் நிற்கிற இடத்துக்காக அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்.

அப்புறம் யூத மணப்பெண் என்று பெயர் வைத்திருக்கும் படம். மாப்பிள்ளையின் சட்டைக் கையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். தள்ளி நின்று பார்த்தால் ஜரிகை, கிட்டப் போனால் ஜரிகை இல்லை. மஞ்சள் சாயத்தை அடை அடையாக அப்பி, மேடும் பள்ளமுமாக விட்டிருக்கிறார். மேட்டில் அந்த அறை வெளிச்சம் பட்டு மின்னுகிறது. பிக்மென்ட் பேஸ்ட் கெட்டியாக விழுந்துவிட்டால் துணி வீண் என்று பையன்களைத் திட்டுவேன். அந்தக் கெட்டியை வைத்தே ஒருவர் வெளிச்சத்தைப் பிடித்திருக்கிறார். அந்தப் படத்தின் முன்னால் காய்ந்த ரொட்டியோடு இரண்டு வாரம் உட்கார விட்டால் ஆயுளில் பத்து வருஷம் தருவேன் என்று பின்னால் வந்த ஓவியர் வான்கா சொன்னாராம். நான் கால் மணி நேரம்தான் நின்றேன்.

ஆனால் என்னை அடித்துப் போட்டது வேறு ஒரு சின்னப் படம். டைட்டஸ், 1660இல், பழுப்பு நிறச் சாமியார் அங்கி போட்டு, தலைக்கு மேல் துணியை இழுத்துவிட்டுக் குனிந்து இருப்பான். கண் கீழே. கம்பெனி தொடங்கிய அதே வருஷம். நீ அடுத்த அறைக்குப் போய்விட்டாய், நான் அங்கேயே நின்றேன். அந்தப் பிள்ளையின் முகத்தில் அப்பா மேல் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். கோபம் தெரியவில்லை, களைப்புத் தெரிந்தது. நீ ராத்திரி வேலை முடித்து வீடியோவில் வரும்போது இருக்கும் முகம். அவனுக்கு நாம் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்த ஒருவர்தான் அப்படி உட்கார வைத்து அவ்வளவு நேரம் பார்த்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. நான் உன்னை அப்படிப் பார்த்ததே இல்லை கண்ணு. பார்க்கப் பயந்தேன்.

டைட்டஸ் 27 வயது நிறைவதற்குள் செத்துப்போனான், கல்யாணமாகி ஏழு மாதத்தில். ஹென்ட்ரிக்யே 1663இலேயே போய்விட்டாள். கடைசி வருஷம் வீட்டில் கூட இருந்தது ஹென்ட்ரிக்யே பெற்ற 14 வயது மகள் கொர்னேலியா. 1669 அக்டோபர் 4இல் அவர் போனார். வெஸ்டர்கெர்க் சர்ச்சில் எந்த இடத்தில் புதைத்தார்கள் என்பதுகூடத் தெரியாது, சுவரில் பின்னால் வைத்த ஒரு கல் மட்டும்தான். கொர்னேலியா மறு வருஷம் ஓர் ஓவியரைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டி பட்டாவியாவுக்குப் போனாள், இன்றைய ஜகார்த்தா. அங்கே பிறந்த முதல் பிள்ளைக்கு ரெம்பிராண்ட் என்று பெயர் வைத்தாள். அம்மாவுக்கு நேர்ந்த அவமானம், ஜப்தி, வாடகை வீடு எல்லாம் தெரிந்த பெண் வைத்த பெயர் அது. இதை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள், கையை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

அடுத்த லீவு நாளில் உனக்கு அலுப்பு இல்லை என்றால் அந்த டைட்டஸ் படத்தை மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா. நான் சொன்ன களைப்பு உனக்கும் தெரிகிறதா என்று சொல்.

மாதம் எனக்கு வருகிற சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து இரண்டு வளையல் வாங்கியிருக்கிறேன். பழைய டிசைன் கிடைக்கவில்லை, கிட்டத்தட்ட அதே மாதிரி. அம்மாவின் பீரோவில் சிவப்புத் துணியில் சுற்றி இருக்கிறது, லாக்கரில் இல்லை. இன்னும் ஆறு பாக்கி. வேண்டாம் என்று சொல்லாதே அம்மணி. உன்னைக் கேட்டு எழுதவில்லை, கணக்குக்காக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா