ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் ஆரம்பிக்கப்போற மாப்ளைக்கு

மாப்ள,

நீ ஆரம்பிக்கப்போற ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேருக்கு, அதான் டீம்ல யார் என்ன வேலைய எப்ப முடிக்கணும்னு பாத்துக்கற டூலுக்கு, இன்வெஸ்டருங்ககிட்ட காட்ட ரெடி பண்ண பிட்ச் டெக்க பாத்தேன்டா. கான்ட் சார்ட் இருக்கு, டைம் டிராக்கிங் இருக்கு, சாட் இருக்கு, ஏஐ இருக்குன்னு கல்யாண பந்தி மெனு மாதிரி ஒரு ஸ்லைடு, அப்புறம் கடைசில "மூணு வருஷத்துல எக்ஸிட்"னு, அதாவது கம்பெனிய வேற எவனுக்காச்சும் வித்துட்டு கிளம்பறதுன்னு, ஒரு ஸ்லைடு. ஃபோன்ல சொன்னா நமக்குள்ள சண்டைல முடியும், அதான் பப்ளிக்காவே எழுதிடறேன், உன்ன மாதிரி ஆரம்பிக்கப்போறவன் வேற எவனாச்சும் படிச்சாலும் படிக்கட்டும்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உன்கிட்ட மொத மொதல்ல காசு கட்டுற கஸ்டமர, இருபது வருஷம் கழிச்சு என்ன பண்ணப்போற?

சிரிக்காத. மொத கஸ்டமர இருபது வருஷம் கைவிடாம நெசமாவே வச்சு காட்டுன ஆளுங்க இந்த ஃபீல்டுல இருக்காங்க. சிகாகோவுல 1999ல ஜேசன் ஃப்ரைட் இன்னும் ரெண்டு பேரோட சேந்து ஆரம்பிச்ச 37சிக்னல்ஸ். மொதல்ல வெறும் வெப் டிசைன் கம்பெனிதான், அடுத்தவனுக்கு சைட் பண்ணிக் குடுக்கறது. கிளையன்ட் கூட எல்லாமே ஈமெயில்லயே ஓடி, எந்த ஃபைல் லேட்டஸ்ட், யார் என்ன ஓகே சொன்னாங்கன்னு ஒண்ணும் புரியாம போகவும் தங்களுக்காகவே ஒரு டூல் கட்டுனாங்க. கோட் எழுதுனது டென்மார்க்ல இருந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன், வாரத்துக்கு வெறும் 10 மணி நேரம். கிளையன்ட்டுங்களே "இது எங்களுக்கும் வேணுமே"ன்னு கேக்க ஆரம்பிச்சதும் 2004 பிப்ரவரில பேஸ்கேம்ப்னு பேர் வச்சு வித்தாங்க. கூத்து என்னன்னா லாஞ்ச் பண்ணும்போது அவங்ககிட்ட பில்லிங் பண்ற வசதியே கிடையாது! மாசாமாசம்தானே காசு எடுக்கணும், அதுக்கு 30 நாள் டைம் இருக்குல்ல, அதுக்குள்ள எழுதிக்கலாம்னு விட்டுட்டாங்க. நீ என்னடான்னா டார்க் மோடு முடியலன்னு லாஞ்ச தள்ளி வச்சிருக்க.

  

காசு விஷயத்துக்கு வர்றேன். வென்சர் கேபிடல், அதான் பங்குக்கு பதிலா வெளியாளுங்க போடற முதலீடு, வாங்கல. டிசைன் வேலைல வந்த வருமானம்தான் மொதல்ல சோறு போட்டுச்சு. 2006ல அமேசான ஆரம்பிச்ச ஜெஃப் பெஸோஸ் ஒரு சின்ன பங்கு வாங்குனாரு, ஆனா அந்தக் காசு கம்பெனிக்குள்ள போகல, ஓனர்ங்க கைக்குத்தான் போச்சு. இத கேட்டா நீ "பெஸோஸ் காசு இருந்தா நானும்தான் நிம்மதியா உக்காந்து ஃபிலாசஃபி பேசுவேன்"னு சொல்லுவ, தெரியும். அதுல நியாயம் இல்லாம இல்ல. அவங்க நிதானத்துல பாதி அந்தக் காசு குடுத்த தெம்புன்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா பெஸோஸ் வர்றதுக்கு முன்னாடியே லாபத்துல ஓடிட்டு இருந்த கடைடா அது, அத மறந்துடாத.

இப்ப நான் சொல்ல வந்தது. 2012ல புதுசா ஒரு பேஸ்கேம்ப் எழுதுனாங்க, 2015ல மூணாவது. ரெண்டு தடவையும் பழசுல இருந்தவங்கள "இங்கயே இருக்கறதுன்னா இருங்க"ன்னு விட்டுட்டாங்க. 2004 வெர்ஷன்ல ஐக்கியமான ஆள் அதுலயே இருந்துக்கலாம், யாரும் புடிச்சு தள்ளமாட்டாங்க. விக்கறத நிறுத்திட்ட பேக்பேக், டா-டா லிஸ்ட் மாதிரி குட்டி ப்ராடக்ட்டுங்களுக்கும் அதேதான், புது ஆளுங்கள சேக்கறதில்ல, பழைய ஆளுங்களுக்கு ஓடிட்டு இருக்கு. இன்டர்நெட் இருக்கற வரைக்கும் ஓட்டுவோம்னு வெளிப்படையா எழுதியே வச்சிருக்காங்க.

இது சும்மா நல்ல மனசு மட்டும் இல்ல, செலவு. பழைய கோடுக்கு செக்யூரிட்டி பேட்ச் போடணும், சர்வர் வேணும், சப்போர்ட்ல இருக்கறவனுக்கு எல்லா வெர்ஷனும் தெரிஞ்சிருக்கணும். உன்னோட இன்வெஸ்டர் இத ஒரு மாசம்கூட தாங்கமாட்டாரு. ஆனா அந்தப் பக்கம் யோசி. நாங்க ஆஃபீஸ்ல யூஸ் பண்ண ஒரு டூல் (பேரு வேண்டாம்) ஒரு திங்கக்கிழமை காலைல திறந்தா மொத்தமா மாறிப்போச்சு, அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு இன்வாய்ஸ் ஃபோல்டர் எங்கன்னே தெரியல, மத்தியானம் வரைக்கும் ஒருத்தர் டேபிள்ல இருந்து இன்னொருத்தர் டேபிளுக்கு அலைஞ்சுட்டு இருந்தாங்க, சாயங்காலமே பாஸ் எக்ஸெல்லுக்கே திரும்பிடலாம்னுட்டாரு. உன்னோட நெஜமான போட்டி ஜிரா, அசானா மாதிரி ப்ராஜெக்ட் டூலுங்க இல்லடா, எக்ஸெல்லும் வாட்ஸப் குரூப்பும்தான்.

எக்ஸிட்டோட மறுபக்கமும் பாரு. ட்ரெல்லோங்கற டாஸ்க் போர்டு ஆப்ப 2017ல ஜிராவ பண்ற அட்லாசியன் கம்பெனி 42.5 கோடி டாலருக்கு வாங்குச்சு, நல்ல வேளை அது இன்னும் உயிரோட இருக்கு. வுண்டர்லிஸ்ட்ங்கற டூ-டூ லிஸ்ட் ஆப்ப 2015ல மைக்ரோசாஃப்ட் வாங்கி 2020 மே மாசம் மூடிடுச்சு. பண்ணவங்களுக்கு பணம் வந்துச்சு, சந்தோஷம். தினமும் அதுல லிஸ்ட் போட்டு வாழ்க்கைய ஓட்டுனவங்கதான் வேற ஆப்புக்கு மூட்டைய கட்டுனாங்க.

ப்ரைஸிங் பத்தி ஒண்ணு. சில வருஷம் பேஸ்கேம்ப் மாசம் 99 டாலர்தான், எத்தன பேர் வேணும்னாலும் சேத்துக்கலாம். தலைக்கு இவ்ளோன்னு வாங்குனா ஆயிரம் பேர் இருக்கற கம்பெனி வந்த அன்னிக்கே அவன்தான் உனக்கு முதலாளி, அவன் கேட்ட ஃபீச்சர்தான் ரோட்மேப்பு. எல்லாருக்கும் ஒரே ரேட்டுன்னா ஒருத்தன் கோவிச்சுக்கிட்டு போனாலும் உனக்கு தூக்கம் கெடாது. இப்ப அவங்களும் தலைக்கு 15 டாலர்னு ஒரு பிளான் வச்சிருக்காங்க, அன்லிமிடெட்டும் தனியா இருக்கு, அதனால இத வேதவாக்கா எடுத்துக்காத. ஆனா நம்ம ஊர்ல தலைக்கு இவ்ளோன்னு சொன்னா என்ன நடக்கும்னு உனக்கே தெரியும், ஒரே லாகின்ல ஆஃபீஸே வேலை பார்க்கும், யார் எந்த டாஸ்க முடிச்சாங்கன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ரொம்ப புகழ்றேனோ? 37சிக்னல்ஸ் மேல தப்பும் இருக்கு. கஸ்டமர் பேருங்கள்ல சிரிப்பா இருக்கறத லிஸ்ட் போட்டு வச்சிருந்தாங்க, வருஷக்கணக்கா. 2021ல அது கம்பெனிக்குள்ள பெரிய பிரச்சனையாகி, ஆஃபீஸ் அக்கவுண்ட்ல அரசியல் பேசக்கூடாதுன்னு ரூல் போட்டாங்க, சுமார் மூணுல ஒரு பங்கு ஆளுங்க செட்டில்மென்ட் வாங்கிட்டு கிளம்பிட்டாங்க. அந்த லிஸ்ட்ல நம்ம ஊர் பேருங்க மாதிரி ஆசிய, ஆப்பிரிக்கப் பேருங்களும் இருந்ததாம்னு படிச்சப்ப எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. கஸ்டமர இருபது வருஷம் கைவிடாம வச்சிருக்கற அதே ஆளுங்க.

உடனே "ஜோஹோவும் வெளிக்காசு வாங்கலயே, அவங்க அம்பது ப்ராடக்ட் பண்றாங்களே"ன்னு கேப்ப. ஜோஹோ ப்ராஜெக்ட்ஸும் 2006ல இருந்து ஓடுது, உண்மை. ஆனா அவங்க 1996லயே அட்வென்ட்நெட்டா ஆரம்பிச்சு நெட்வொர்க் சாஃப்ட்வேர் வித்து காசு பாத்துட்டு இதுக்குள்ள வந்தவங்க. உங்க ஆஃபீஸ்ல இருக்கறது நீ, உன் ரூம்மேட், ஒரு இன்டர்ன். சிகாகோக்காரங்களே 2014ல நெறைய ப்ராடக்ட் கட்டி மேய்க்க முடியலன்னு எல்லாத்தயும் ஓரங்கட்டிட்டு கம்பெனி பேரயே பேஸ்கேம்ப்னு மாத்திக்கிட்டாங்க, எட்டு வருஷம் கழிச்சுதான் பழைய பேருக்கு திரும்புனாங்க.

சரி, டெக்க அப்புறம் பாக்கலாம். டெமோல நான் தேடுனேன், எக்ஸ்போர்ட் பட்டன காணோம். கஸ்டமர் போகணும்னு நினைச்சா டேட்டாவ எடுத்துட்டு போறதுக்கு என்ன வழி வச்சிருக்க, அத எழுதி அனுப்பு. சனிக்கிழமை நான் ஊர்லதான் இருக்கேன்.