தெப்பக்குளக் கரையில் நடக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

சில வாரங்களாக, நடந்து முடித்து நாம் படிக்கட்டில் உட்காரும் நேரத்தில் ஒரு பதக்கம் விற்பனையாகிறது. கயிற்றில் கோத்த கறுப்பு வில்லை. அதிலிருந்து அயனி (மின்னேற்றம் பெற்ற அணு) வருமாம், நோய் எதிர்ப்புச் சக்தி கூடுமாம், இரவிலும் கழற்றக் கூடாதாம். விற்பவர் நம்மோடு நடப்பவர்தான், நம்பித்தான் விற்கிறார். ஆனால் அதை அணிந்த என் மதினி சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார் என்று தெரிந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். பேட்டரி இல்லாத வில்லை ஓயாமல் அயனியை உண்டாக்குகிறது என்றால், ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இத்தகைய வில்லைகள் சிலவற்றில், கதிர்வீசும் தனிமமான தோரியம் கொண்ட மோனசைட் என்ற மணல் கனிமத்தின் பொடி இருக்கும். அந்தக் கதிர்வீச்சுதான் அயனியை உண்டாக்குகிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிக் கதிர்வீசும் 10 பொருட்களைப் பட்டியலிட்டு, அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. அவற்றுள் குழந்தைகளுக்கான கைவளையமும் ஒன்று.

“மணவாளக்குறிச்சிக்காரர்கள் அந்த மணலிலேயே வாழவில்லையா?” என்று விற்பவர் கேட்டார். குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான அங்கே மணலிலேயே மோனசைட் உண்டு. நியாயமான கேள்வி. அதே வகை மணல் கிடக்கும் கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், நிலத்துக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. நிம்மதி தரும் செய்தி. ஆனால் அங்கே எதிர்ப்புச் சக்தி வளர்ந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அது எண்ணியது புற்றுநோயை. இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த ஈரானின் ராம்சர் நகரில் எதிர்ப்பாற்றலையே பார்த்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒருமுகமாக இல்லை. அவற்றைக் காட்டி எதையும் மருந்தென்று விற்க முடியாது.

எதிர்ப்பாற்றலைச் சுமக்கும் நிணநீர் வெள்ளையணுக்கள், கதிர்வீச்சு மிகுந்தால் உடலில் முதலில் சாகிறவற்றுள் சேர்ந்தவை. அணு விபத்தில் சிக்கியவருக்கு எவ்வளவு பட்டது என்பதை, அவை குறையும் வேகத்தைக் கொண்டும் மருத்துவர்கள் கணிக்கிறார்கள். பதக்கத்தின் அளவு அதற்கு அருகில்கூட வராது. என்றாலும், அந்த வெள்ளையணுக்களை வளர்க்கக் கதிர்வீச்சையா கழுத்தில் கட்டுவது?

யானைமலைப் பாறையிலும், நாம் உட்காரும் கருங்கல் படியிலும் யுரேனியமும் தோரியமும் துளித்துளியாக உண்டு. நம் உடம்பின் பொட்டாசியத்திலேயே நொடிக்கு 4,000 அணுக்கள்போலச் சிதைகின்றன. இயற்கையாக உலகில் ஒருவருக்குச் சராசரியாகக் கிடைக்கும் கதிர்வீச்சு ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 முதல் 3 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதற்கு அஞ்ச வேண்டாம். பதக்கமோ நெஞ்சுத் தோலில் ஒரே இடத்தில் இரவும் பகலும் ஒட்டிக் கிடக்கிறது.

ஞாயிறன்று பதக்கங்களை மூடிய டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள். கல்லூரி இயற்பியல் ஆய்வகம் ஒன்றில் அனுமதி கேட்டு, கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியில் காட்டிப் பார்ப்போம். விற்பவரும் உடன் வரட்டும். அதுவரை யாரும் அணிய வேண்டாம். பேரப்பிள்ளைகள் கழுத்திலிருந்து முதலில் கழற்றுங்கள். உடைக்காதீர்கள், பொடி மூச்சில் போய்விடக் கூடாது. மாத்திரையைக் குறைத்தவர்கள் இன்றே டாக்டரைப் பாருங்கள். மதினியை நேற்று நானே அழைத்துப் போய்வந்தேன்.

உங்களோடு நடக்கும்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்