மின்தடைக்குப் பின் கத்தும் அலாரம்: வயரைப் பிடுங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பகுதிகளில் வீட்டு மின்னிணைப்பு வேலை செய்துவருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இடி மின்னலோடு மழை கொட்டி, மின்சாரம் போய்த் திரும்பினால் போதும், மறுநாள் விடிந்ததும் தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். “கள்ளன் அலாரம் விட்டுவிட்டுக் கத்துகிறது, பற்றரி என்று ஏதோ காட்டுகிறது, என்ன செய்வது?” என்று கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கு வழி சொல்லிவிடலாம். கேட்காமல், சத்தம் பொறுக்க முடியாமல் பிளக்கைக் கழற்றி, பற்றரி வயரையும் பிடுங்கிவிட்டு இருந்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பிள்ளைகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்க, வயதானவர்கள் மட்டும் தங்கியிருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் அரும்பாடுபட்டு உழைத்த பணத்தில் பூட்டிக் கொடுத்த அலாரம் அன்றோடு செத்துவிடுகிறது. அடுத்த மின்தடை இரவில் அந்த வீட்டுக்கு எந்தக் காவலும் இல்லை.

இந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். அலாரப் பெட்டிக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி அளவுள்ள, மூடி முத்திரையிட்ட ஈய அமிலப் பற்றரி ஒன்று இருக்கும். மின்சாரம் நின்றதும் அலாரம் அதில்தான் ஓடுகிறது. பற்றரி 11 வோல்ட்டை அண்டி இறங்கியதும் பல அலாரங்கள் எச்சரிக்கை ஒலி எழுப்பும். மின்சாரம் வந்த உடனேயே அது அடங்கிவிட வேண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் பெட்டி அந்தப் பற்றரிக்கு மிகச் சிறிய மின்னோட்டத்தையே கொடுக்கிறது. முழுதாக வடிந்த பற்றரி நிறைய ஒரு நாள், சிலவற்றில் இரண்டு நாள் கூட ஆகும். சில அலாரங்கள் பற்றரியை நாளுக்கு ஒரு முறைதான் பரிசோதிக்கும், அதனால் பற்றரி தேறிய பிறகும் எச்சரிக்கை சிறிது நேரம் நீடிக்கலாம். ஆகவே உங்கள் இரகசிய எண்ணை அழுத்திச் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, ஒன்றிரண்டு நாள் பொறுங்கள். பிளக்கைத் தொடாதீர்கள்.

அதற்கு முன் ஒன்று மட்டும் பார்க்க வேண்டும். ஊருக்கெல்லாம் மின்சாரம் வந்திருக்கும், அலாரத்துக்கு வந்திருக்காது. இடி விழுந்தபோது ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கலாம், அல்லது அலாரத்துக்கான சிறிய மின்மாற்றி எரிந்திருக்கலாம். இலக்கங்களை அழுத்தும் பலகையில் மின்சாரம் இருப்பதைக் காட்டும் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அது எரியாவிட்டால் எத்தனை நாள் காத்திருந்தாலும் பற்றரி நிறையாது.

இரண்டு நாளுக்குப் பிறகும் எச்சரிக்கை போகவில்லை என்றால் பெரும்பாலும் பற்றரியின் ஆயுள் முடிந்துவிட்டது என்றே பொருள். கொட்டகலையில் ஒரு வீட்டில் அண்மையில் பெட்டியைத் திறந்தேன். பற்றரியின் இரு பக்கமும் உப்பிப் பிதுங்கி, பெட்டிக்குள்ளிருந்து இழுத்தெடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. முனைகளில் வெண்பச்சைப் பொடி பூத்திருந்தது. எப்போது பூட்டியது என்று கேட்டால் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை, பற்றரியிலும் திகதி இல்லை. இந்த வகைப் பற்றரிகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். நம் ஊர் குளிர் அவற்றுக்கு நல்லதுதானே என்று சிலர் சொல்கிறார்கள். வெப்பம் ஆயுளைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் குளிரில் பற்றரி தரக்கூடிய மின்சாரமும் குறைகிறது, பனிமூட்டத்தின் ஈரம் முனைகளை அரிக்கிறது. எல்லாவற்றையும் விடக் கெடுதல், அடியோடு வடிந்த பற்றரியை அப்படியே கிடக்க விடுவது. 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தைக் கண்ட பற்றரி இன்னும் உங்கள் பெட்டியில் இருக்கிறதென்றால் அதை நம்பாதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்து, நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனபோதும் நல்ல பற்றரிகள் பல கெட்டுப்போயின.

வோல்ட் அளக்கும் மல்டிமீற்றர் வைத்திருப்பவர்கள் மின்சாரம் இருக்கும்போதே பற்றரி முனைகளில் அளந்து பார்க்கலாம். முழுதாக ஏறிய பிறகு 13.5 வோல்ட்டுக்கும் 13.8 வோல்ட்டுக்கும் இடையில் காட்ட வேண்டும். பின் பிளக்கைக் கழற்றிவிட்டு அலாரத்தை ஒலிக்க விடுங்கள். வோல்ட் சட்டென்று 11க்குக் கீழே சரிந்தால் பற்றரி போய்விட்டது. பெட்டியைத் திறந்தால் சைரன் அலறும், எனவே அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். புதியதைப் பூட்டும்போது முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். சிவப்பு வயர் கூட்டல் முனைக்கு, கறுப்பு வயர் கழித்தல் முனைக்கு. மாற்றிக் கொடுத்தால் பியூஸ் எரியும், சிலவற்றில் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையே எரிந்துவிடும். தெரியாதவர்கள் இதில் கை வைக்காமல் ஆளை அழைப்பதே நல்லது.

இன்னொன்று. கதவிலும் அறை மூலையிலும் இருக்கும் வயரில்லாத உணரிகளுக்கு (சென்சர்களுக்கு) தனித்தனியே சிறிய லிதியம் பற்றரிகள் உண்டு. நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் விடியற்காலையில் மட்டும் எச்சரிக்கை வந்து, வெயில் ஏறியதும் அடங்கினால், பழி அந்தச் சிறியவற்றின் மேல்தான். எந்த உணரி என்பதைப் பலகையிலுள்ள இலக்கம் காட்டிவிடும். மின்தடையோடு இதற்குச் சம்பந்தமே இல்லை, ஆனால் இதற்காகப் பெரிய பற்றரியை வீணாக மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கழற்றிய பழைய பற்றரியை ஓடையில் எறியாதீர்கள், நெருப்பிலும் போடாதீர்கள். அதற்குள் ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. நம் பக்கத்து ஓடைகள் பல மகாவலியில் சேர்பவை. விற்ற கடையிலேயே கொடுத்துவிடலாம்.

அலாரம் விற்பவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பூட்டிவிட்டுப் போகும்போது கையேட்டை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். எழுபது வயதான ஒரு பாட்டி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியதைத் தமிழில் ஒரே தாளில் எழுதி அலாரப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். பற்றரியின் மேல் அழியாத பேனாவால் பூட்டிய திகதியை எழுதுங்கள். உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. அந்தத் தாளின் மாதிரியை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். தங்கள் பத்திரிகை ஏப்ரல், ஒக்டோபர் மாத இடிமழைக்கு முன்பாக அதை வெளியிட்டு உதவினால் வாசகர்கள் வெட்டியெடுத்துத் தங்கள் அலாரப் பெட்டியிலேயே ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வயரிங் தொழிலாளி ஒருவர்,
ஹட்டன்.