முருகேசனுக்கு, ஜிபிஎஸ் துடிப்பைப் பற்றி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் ஒலிப்பதிவும் வந்து சேர்ந்தன. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது தெரிந்து நிம்மதி. இங்கே சின்னவள் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் எடுத்திருக்கிறாள். யாரும் சொல்லி எடுக்கவில்லை, அதுதான் எனக்குச் சந்தோஷம். மீதி வீட்டுக் கதையைப் போனில் பேசிக்கொள்ளலாம்.

டிஷ் விஷயத்துக்கு வருகிறேன். 60 செ.மீ. டிஷ்ஷை மொட்டை மாடியில் வைத்துக்கொண்டு கியூஓ-100 அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோளின் பீக்கனை, அதாவது அது விடாமல் அனுப்புகிற அடையாள சிக்னலைப் பிடித்துவிட்டாயே, அதுவே பெரிய காரியம். டிஷ் முனையில் சிக்னலை வாங்கி அலைவெண்ணை இறக்கித் தருகிற எல்என்பிக்குள் இருந்த 25 மெகாஹெர்ட்ஸ் படிகத்தோடு கேட்டபோது சுருதி நகர்ந்துகொண்டே இருந்தது, ஆனால் ஸ்வரம் சுத்தமாக இருந்தது என்கிறாய். அந்தப் படிகத்தைக் கழற்றிவிட்டு, ஜிபிஎஸ் மாட்யூலின் 10 மெகாஹெர்ட்ஸை, ஒரு அலைவெண்ணை இன்னொன்றாக மாற்றுகிற சின்த் போர்டு வழியாக 25 ஆக்கிக் கொடுத்ததும் எல்லாம் கெட்டுப்போனது. நீ அனுப்பிய வாட்டர்ஃபால் படத்தை, அதாவது அலைவெண் நேரத்தோடு எப்படி நகர்கிறது என்று காட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே மெல்லிய கோடாக விழ வேண்டிய பீக்கன் பல கோடுகளாகப் பிரிந்து விழுகிறது. எல்என்பி மேல் தப்பில்லை, முருகேசா. நீ கொடுக்கிற 10 மெகாஹெர்ட்ஸ் சராசரியில் துல்லியமானது. துடிப்புக்குத் துடிப்பு பார்த்தால் அப்படி இல்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார். உன் மாதிரி மாட்யூலுக்குள் ஓடுவது 48 மெகாஹெர்ட்ஸ். அதன் ஒரு துடிப்பு 20.8 நானோவினாடி. 10 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 4.8 துடிப்புக்கு ஒன்று வெளியே வர வேண்டும். அரைகுறைத் துடிப்பு என்று ஒன்று கிடையாதே! அதனால் நாலு தடவை 5, ஒரு தடவை 4 என்று எண்ணிச் சமாளிக்கிறது. 104 நானோவினாடி நாலு முறை, 83 ஒரு முறை. சராசரி மட்டும் சரியாக 100.

வெளியீட்டை 8 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்று, 48ஐ ஆறால் வகுத்தால் மிச்சமில்லை என்று பலரும் சொல்வார்கள். மாற்று, ஆனால் ஸ்கோப் திரையில் விளிம்பு அடங்கிவிட்டதைப் பார்த்து நம்பிவிடாதே. உள்ளே இருக்கிற படிகம் தன்பாட்டுக்கு ஓடுகிறது. ஜிபிஎஸ்ஸோடு அது பூட்டப்பட்டதல்ல. பத்து லட்சத்தில் அரைப் பங்கு அது விலகியிருந்தால், கணக்கை நேர்செய்ய வினாடிக்கு 24 தடவை ஒரு துடிப்பைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ஒவ்வொரு தடவையும் 20.8 நானோவினாடி தாவல். எல்என்பி அந்த 25ஐப் பெருக்கி உண்டாக்குகிற 9750 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தாவல் 200 சுற்றுக்கும் மேல். 10லிருந்து 9750 என்பது 975 மடங்கு. துடிப்புகள் நேரம் தப்பி ஆடுவதால் வருகிற பேஸ் இரைச்சல் கிட்டத்தட்ட 60 டெசிபெல் ஏறும். அப்புறம் பீக்கன் எப்படி ஒரே கோடாக நிற்கும்?

இதற்கு மருந்து நமக்கு ரொம்ப நாளாகத் தெரிந்ததுதான். கடையில் டிவி பார்த்த காலத்தை யோசி. உயரக் கம்பம் நட்டு இலங்கையின் ரூபவாஹினி பிடிப்பார்களே, அந்தப் பலவீனமான சிக்னலில், ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்கிற சிங்க் பல்ஸில் பாதி இரைச்சலாக இருக்கும். ஒவ்வொரு பல்ஸையும் அப்படியே நம்பி ஓடிய செட்டில் கோடுகள் கிழிந்து தெரியும். ஃப்ளைவீல் சிங்க் இருந்த செட்டில் படம் நிற்கும். அங்கே 15,625 ஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் தானாகவே ஓடும். பல பல்ஸ்களின் சராசரியைப் பார்த்து மெதுவாகத் திருத்திக்கொள்ளும். அதுதான் பிஎல்எல், பேஸ் பூட்டிய லூப். 1932லேயே அன்ரி தெ பெல்சீஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ரேடியோ ரிசீவருக்காக இந்த யோசனையை எழுதிவைத்துவிட்டார்.

ஆகவே உனக்கு வேண்டியது, படிகத்தை ஒரே சூட்டில் வைத்திருக்கிற நல்ல ஓவன் ஆசிலேட்டர், 10 மெகாஹெர்ட்ஸ், அலைவெண்ணைத் திருத்த கன்ட்ரோல் வோல்டேஜ் பின் உள்ளது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டவர் போர்டிலிருந்து கழற்றியது என்னிடம் இரண்டு இருக்கிறது. மாட்யூலின் 8ஐ நாலால் வகு, ஓவனின் 10ஐ ஐந்தால் வகு. இரண்டும் 2 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். வகுப்பதற்கு 74எச்சி390 சிப் ஒன்றே போதும். இரண்டும் வேறுபடும்போது மட்டும் வெளியீடு தருகிற ஒரு எக்ஸ்-ஆர் கேட்டில் ஒப்பிட்டு, வருவதை வடிகட்டி ஓவனுக்குக் கொடு.

வடிகட்டியில்தான் உயிர் இருக்கிறது. எவ்வளவு வேகமான மாற்றம் வரை லூப் பின்தொடரும் என்ற எல்லைதான் லூப் பேண்ட்விட்த். அதற்கு உள்ளே ஜிபிஎஸ்ஸின் குணம் வரும், வெளியே ஓவனின் குணம் வரும். பேண்ட்விட்த் 100 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் அந்த 24 தாவலும் அப்படியே உள்ளே நுழையும். ஓவன் போட்டும் பயனில்லை. ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்குக்கு இறக்கு. மெகாஓம் மின்தடை, ஃபிலிம் கபாசிட்டர் போடு. எலக்ட்ரோலிடிக் வேண்டவே வேண்டாம், அதன் கசிவு கன்ட்ரோல் வோல்டேஜை நகர்த்திக்கொண்டே இருக்கும். பூட்டிக்கொள்ள நேரம் பிடிக்கும். ஓவன் சூடாகவே சில நிமிஷம் ஆகும், பொறுத்துக்கொள்.

சின்த் போர்டுக்குப் பதிலாக வோல்டேஜால் அலைவெண்ணை நகர்த்தக்கூடிய 25 மெகாஹெர்ட்ஸ் படிக ஆசிலேட்டர் (விசிஎக்ஸ்ஓ) ஒன்றை இரண்டாவது லூப்பில் பூட்டு: 10ஐ இரண்டால், 25ஐ ஐந்தால் வகுத்து 5 மெகாஹெர்ட்ஸில் ஒப்பிடு. இங்கே மட்டும் பேண்ட்விட்த் நூறு ஹெர்ட்ஸ் அளவில் இருக்கலாம். நடு அலைவெண்ணுக்கு அருகில் ஓவன்தான் சுத்தம், அதன் பேச்சைக் கேட்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் பவரைப் பார். படத்தில் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 100 ஹெர்ட்ஸ் தள்ளி ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் அது மெயின்ஸ், எந்த பிஎல்எல்லும் அதைக் காப்பாற்றாது. கன்ட்ரோல் வோல்டேஜில் ஏறுகிற மைக்ரோவோல்ட்கூட அலைவெண்ணை ஆட்டும். சுவர் அடாப்டரைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பார். வித்தியாசம் தெரிந்தால் ஓவனுக்குத் தனியாக எல்டி3045 மாதிரி இரைச்சல் குறைந்த ரெகுலேட்டர் போடுவோம். அதன் இரைச்சல் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே. கம்ப்யூட்டர் பக்கம் போகிற 10 மெகாஹெர்ட்ஸ் கேபிளில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்து கிரவுண்டைப் பிரித்துவிடு.

பேட்டரியில் ஓட்டியதை ஒரு நிமிஷம் பதிவு செய்து இந்த வாரமே அனுப்பு. அதைக் கேட்டுவிட்டு ஓவனைக் கூரியரில் போடுகிறேன். என்னிடம் இருப்பதில் ஒன்று 5 வோல்ட், மற்றது 12 வோல்ட். உனக்கு எது தோது என்றும் எழுது.

அன்புடன்,
சேகர்