ஸ்டெப்னியைக் கீலில் தொங்கவிடாதீர்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வெல்டிங் பட்டறையும் லேத் பட்டறையும் நடத்தும் அண்ணன்களுக்கு வணக்கம்.

பின் பம்பரும், அதில் திறந்து மூடும் ஸ்டெப்னி கேரியரும் செய்து தரச் சொல்லி ஜீப்காரர்கள் உங்களிடம் வருகிறார்கள். தார், பொலேரோ, ஜிப்ஸி என்று வண்டி எதுவானாலும் காரணம் ஒன்றுதான். 31 அங்குல மட் டயர் இரும்பு ரிம்மோடு 35 முதல் 40 கிலோ வரும். கம்பெனி கொடுத்த பின்கதவு அந்த எடைக்குச் செய்யப்பட்டதல்ல. பெட்டமுகிலாளம், சித்தேரி, வத்தல்மலை என்று ஏறி இறங்கும் வண்டியில் கதவுக் கீல் தளரும், கதவு தொங்கும், தகடு கீலோரம் விரியும். அதனால் டயரைக் கதவிலிருந்து எடுத்து பம்பருக்கு மாற்றக் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. நீங்கள் செய்து கொடுக்கும் முறையைப் பற்றித்தான் இந்த மடல்.

பல பட்டறைகளில், வீட்டு கேட்டுக்குப் போடும் பைப்புக்குள் பைப் கீலை பம்பரின் மேல்தகட்டில் பற்றவைத்து, மறுமுனைக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 40 கிலோ சக்கரத்தின் நடு, கீலிலிருந்து 600 மி.மீ. தள்ளி இருக்கிறது. கீலில் மேல் பிடிக்கும் கீழ்ப் பிடிக்கும் இடைவெளி 40 மி.மீ. என்றால், 40-ஐ 600-ஆல் பெருக்கி 40-ஆல் வகுக்க, ஒவ்வொரு பிடியையும் 600 கிலோ பக்கவாட்டில் தள்ளுகிறது. இடைவெளியை 80 ஆக்கினால் 300. வண்டி நிற்கும்போது இவ்வளவு. பள்ளத்தில் விழுந்து எழும்போது இதுவே இரண்டு மூன்று மடங்காகும். 4 மி.மீ. மேல்தகடு மட்டும் அதைத் தாங்காது. தகடு மேலும் கீழும் மூச்சுவிட்டு, வெல்டிங் ஓரத்தில் முடி போல ஒரு விரிசல் விழும். பெயின்ட் மூடியிருப்பதால் யார் கண்ணிலும் படாது. தொப்பூர் இறக்கத்தில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது, அந்தச் சக்கரம் கழன்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

கிரானைட் மெஷின்களுக்கு ஷாஃப்ட் கடைகிற ஊர் இது. கீலுக்குப் பதிலாக நல்ல ஸ்பிண்டில் (கேரியர் சுழலும் அச்சுத் தண்டு) கடைவது உங்களுக்குப் பெரிய வேலையே இல்லை. பம்பரின் முதுகெலும்புக்கு 80×80×4 மி.மீ. ஸ்கொயர் டியூப் போதும். ஒன்றரை மீட்டருக்கு 14 கிலோ வரும். ஸ்பிண்டிலுக்கு 40 மி.மீ. ரவுண்டு ராடு. அது டியூபின் மேல்தகட்டையும் கீழ்த்தகட்டையும் ஊடுருவிப் போய், இரண்டு இடத்திலும் சுற்றிலும் வெல்டிங் வாங்க வேண்டும். மேல்தகட்டில் கூடுதலாக 6 மி.மீ. பிளேட் ஒன்று. டியூபுக்கு மேலே நிற்கும் பகுதியைப் படிப்படியாகக் கடைந்து, கீழே 30206 எண், மேலே 30205 எண் டேப்பர் ரோலர் பேரிங், ஒன்றுக்கொன்று எதிர்முகமாக. நடுவுக்கு நடு 80 மி.மீ. குறையக் கூடாது. உச்சியில் காசில் நட், ஸ்பிளிட் பின், மூடி. அடியில் ஆயில் சீல் கட்டாயம். நம் செம்மண் புழுதி கிரீஸோடு சேர்ந்தால் பேரிங்கை அரைத்துவிடும். நட்டை இறுக்கும்போது, சக்கரத்தைச் சுமந்து திறந்து மூடும் டியூப், அதாவது கேரியரின் கை, ஆட்டமில்லாமல், லேசான பிடிப்போடு சுழல வேண்டும். இங்கே துளி ஆட்டம் விட்டால் கையின் நுனியில் அது பல மடங்காகத் தெரியும்.

ஸ்பிண்டிலுக்கு EN8 ரக எஃகு என்று எல்லோரும் கேட்பார்கள். கடைய நல்ல சரக்கு, வெல்டிங்கில் தகராறு. கார்பன் அதிகமானதால், குளிர்ந்த இரும்பில் அப்படியே வெல்டிங் ராடு ஓட்டினால் வெல்டிங்கை ஒட்டிய இடம் கண்ணாடியாகக் கெட்டித்து வெடிக்கும். கேஸ் டார்ச்சால் 200 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, அடுப்பில் உலர்த்திய 7018 ராடால் பற்றவைத்து, சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ மூடி மெதுவாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது. அவ்வளவு பொறுமை இல்லையென்றால் சாதாரண மைல்டு ஸ்டீலையே 45 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள், பாதகமில்லை. லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி பிராக்கெட் செய்வதை மட்டும் விட்டுவிடுங்கள். பார்க்க உறுதி, வெல்டிங் ஓரத்தில் சட்டென்று முறியும்.

பேரிங் உள்ளே இருக்கும்போது அந்த ஹவுசிங்கில் வெல்டிங் வைக்காதீர்கள். கரண்ட் ரோலர் வழியே பாய்ந்து பொட்டுப் பொட்டாகக் குழி விழும், கிரீஸும் கருகும். வண்டியில் வைத்து டேக் (இடம் பிடிக்கும் பொட்டு வெல்டிங்) மட்டும் அடியுங்கள். அதற்கு முன் இரண்டு பேட்டரி வயரையும் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை டேக் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். இல்லாவிட்டால் வண்டியின் கணினிப் பெட்டியான இசியு போகும். டீசல் டேங்க் பக்கத்தில் தீப்பொறி பறக்கும் வேலையே வேண்டாம், கழற்றிக் கீழே வைத்துச் செய்யலாம்.

முழு வெல்டிங்குக்கு ஒரு ஜிக் (பம்பரை அசையாமல் பிடிக்கும் சட்டம்) தேவை. சேஸிஸில் உள்ள அதே துளைகளை ஒரு கனமான ஆங்கிளில் போட்டு, பம்பரை அதில் போல்ட் செய்துவிட்டுப் பற்றவையுங்கள். சேஸிஸ் பிளேட், ஷேக்கிள் (இழுவை வளையம்) மாட்டும் பிளேட் எல்லாம் ஒரே பக்கம் வருவதால், டியூப் ஆறும்போது அந்தப் பக்கமே வளைந்து இழுக்கும். பிறகு துளை சேராது. துளையைக் கிரைண்டரால் நீட்டிச் சேர்ப்பது கைவேலையே அல்ல. 40, 50 மி.மீ. என்று இடம் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். 3.15 மி.மீ. வெல்டிங் ராடுக்கு 100 முதல் 120 ஆம்பியர். டியூபின் அடியில் 8 மி.மீ. வடிகால் துளை குறைந்தது இரண்டு வேண்டும். தண்ணீர் உள்ளே நின்றால் வெளியே எத்தனை கோட் ரெட் ஆக்சைடு அடித்தும் பயனில்லை.

சேஸிஸோடு பற்றவைக்க வேண்டாம். பக்கத்துக்கு 8 மி.மீ. பிளேட், நான்கு எம்12 போல்ட், 8.8 கிரேடு, நைலாக் நட், 80 நியூட்டன் மீட்டர் இறுக்கம். சேஸிஸ் பெட்டி வடிவமானால் உள்ளே ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பைப் ஸ்லீவ் வையுங்கள். ஸ்லீவ் இல்லாமல் இறுக்கினால் சேஸிஸ் சுவர் உள்ளே அமுங்கும். முதல் மேடு பள்ளத்திலேயே போல்ட் தளர்வது அதனால்தான்.

அடுத்தது கை. 50×50×4 டியூப். மூடிய நிலையில் அதன் நுனி தாழ்ப்பாளில் தொங்கக் கூடாது, ஒரு தாங்கியின் மேல் உட்கார வேண்டும். பம்பரின் மறுமுனையில் சரிவான பிளேட் ஒன்று வைத்து, மேலே நைலான் கட்டை பதியுங்கள். கை மூடும்போது சரிவில் ஏறி 3 மி.மீ. உயர்ந்து உட்காரட்டும். அப்போது சக்கரத்தின் பாதி எடை அந்த முனைக்குப் போய்விடும், கடகட சத்தமும் நின்றுவிடும். டாகிள் கிளாம்பின் (நெம்பி இழுத்துப் பூட்டும் தாழ்ப்பாள்) வேலை கையைத் தாங்கியோடு இழுத்துப் பிடிப்பது மட்டுமே. அதற்கு மேல் தனியாக ஒரு லாக் பின். கிளாம்பு தளர்ந்தாலும் பின் பிடித்துக்கொள்ளும். திறந்த நிலையிலும் 90 டிகிரியில் ஒரு பின் துளை வேண்டும். மலைச்சரிவில் 50 கிலோ கை தானாக வந்து மூடினால் நடுவில் இருக்கும் விரல் மிஞ்சாது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ கையும் அந்தப் பக்கமே திறக்கட்டும்.

சேற்றில் மாட்டினால் இந்த பம்பரைத்தான் இழுப்பார்கள். 4.75 டன் பௌ ஷேக்கிளுக்கு 25 மி.மீ. பிளேட், 25 மி.மீ. துளை. அந்த பிளேட் டியூபைத் துளைத்து உள்ளே போய், முன்னும் பின்னும் பற்றவைக்கப்பட்டு, சேஸிஸ் பிளேட்டுக்கு நேராக இருக்க வேண்டும். டியூபின் முகத்தில் ஒட்டவைத்த கொக்கி வேண்டவே வேண்டாம். டிரெய்லர் மாட்டும் இரும்புப் பந்தில் கயிறு மாட்டி இழுக்கிற பழக்கத்தையும் வாடிக்கையாளரிடம் தடுத்துச் சொல்லுங்கள். பந்து முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும்.

எடையை நீங்களே அளந்து எழுதிக் கொடுங்கள். பம்பர், கை, சக்கரம் சேர்ந்து 80 கிலோ, பின் ஆக்சிலிலிருந்து 900 மி.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கதவு தாரின் வீல்பேஸ் (இரண்டு ஆக்சிலுக்கும் இடைத்தூரம்) 2450 மி.மீ. முன் ஆக்சிலில் 29 கிலோ குறையும், பின் ஆக்சிலில் 109 கிலோ ஏறும். கழற்றிய பழைய பம்பரையும் பழைய ஸ்டெப்னியையும் இதே முறையில் கழித்துக்கொள்ளலாம். செங்குத்தான ஏற்றத்தில் ஸ்டீயரிங் லேசாவது முன் ஆக்சிலில் எடை குறைவதால்தான். இதற்கு மேல் 20 லிட்டர் டீசல் கேனையும் பின்னால் மாட்டக் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். பின்னால் வண்டி வந்து மோதினால் முதலில் நசுங்குவது அந்த கேன்.

சட்டத்தை மறைத்து வேலை வாங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தோட்டத்துக்குள்ளேயே ஓடும் வண்டி வேறு, சாலைக்கு வரும் வண்டி வேறு. சாலையில் ஓட்டுபவர் என்றால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிட்டு வரட்டும்; பிறகு இரும்பை வெட்டுங்கள். நம்பர் பிளேட், அதன் விளக்கு, பிரேக் லைட், இண்டிகேட்டர் எதையும் டயர் மறைக்கக் கூடாது. கழற்றிய கம்பெனி பம்பரை வெட்டாமல் திருப்பிக் கொடுங்கள்.

பெயின்ட் அடிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். சக்கரத்தை மாட்டிக் கையை 90 டிகிரி திறந்து, நுனியின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து சாக்பீஸால் குறியுங்கள். 70 கிலோ ஆள் ஒருவர் நுனியில் மெதுவாக ஏறி நின்று இறங்கட்டும். மறுபடி அளங்கள். 2 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் எங்கோ ஏதோ வளைந்திருக்கிறது. வண்டியை வெளியே விடாதீர்கள். ஸ்பிண்டில் அடியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச் அடித்து விரிசல் பாருங்கள். 300 கி.மீ. ஓடிய பின் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்க வரச் சொல்லி பில்லிலேயே எழுதுங்கள்.

இதற்கெல்லாம் கூடுதல் கூலி ஆகும். கேளுங்கள், கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
இந்த மலைப்பாதைகளில் ஜீப் ஓட்டும் உங்கள் வாடிக்கையாளர்கள்